புல் இல்லாத யார்ட்

புல்லைப் பாய் போலச் சுருட்டி விற்பார்கள் என்பதை அந்தச் சனிக்கிழமைதான் என் கண்ணால் கண்டேன்.

சிட்னியில் ஜனவரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லொறி பின்பக்கமாக வந்து எங்கள் வாசல் படலைக்கு முன்னால் நின்றது. சாரதி ஏறி நின்று ஒவ்வொரு சுருளாகத் தள்ளிவிட, கீழே நின்ற எங்கள் நண்பன் ரகுராமன் அதைக் கட்டிப்பிடித்து இறக்கினான். மேலே பச்சை, கீழே கறுப்பு மண், நடுவில் நெளியும் புழுக்கள். இவர் அதை வாங்கி முற்றத்தில் விரித்தார். இவர் என்றால் என் கணவர்தான். இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு, பெயர் சொல்லாத என் பழக்கம் தெரிந்திருக்கும்.

நான் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு விறாந்தையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மூலை தூக்கிக்கொண்டு நிக்குது. மிதியுங்கோ."

"மிதிக்கிறன். நீர் கதிரையில இரும்."

"இருந்தால் உங்கட வேலை தெரியாது."

மறுநாள் வீட்டுக்காரர் மிஸ்டர் டன் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் எங்கள் முற்றத்தில் புல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீடு போய்விடும். பிள்ளை எங்கே பிறக்கும், எந்தக் கூரைக்குக் கீழே தூங்கும் என்பதெல்லாம் அந்தப் புல் சுருள்களில் தங்கியிருந்தது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால் எனக்குத் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதுபோல ஒரு துடிப்பும் இருந்தது. வயது அப்படி.

வீடு கிடைத்த பாடு

எழுபதுகளின் நடுவில் வந்து இறங்கியவர்களுக்கு வீடு தேடுவது தனி உத்தியோகம். தொலைபேசியில் பேசும்போது எல்லாம் நன்றாகப் போகும். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். என் உச்சரிப்பைக் கேட்டு மறுமுனையில் இருப்பவர்கள் "மேடம்" என்று பேசுவார்கள். வாசலில் போய் நின்றதும் முகம் மாறும். "அடடா, இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார்கள். அந்த "இப்போதுதான்" என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் ஒற்றை அறையில் இருந்தோம். குசினி பொது. நான் தாளிக்கத் தொடங்கினால் பக்கத்து அறைக்காரர் கதவை அடித்துச் சாத்துவார். பிள்ளை உண்டானதும், இனி இங்கே முடியாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

மிஸ்டர் டன் மட்டும்தான் எங்கள் முகத்தைப் பார்த்து "இப்போதுதான்" சொல்லாத மனிதர். மெலிந்த, நெடிய, அதிகம் பேசாத கிழவர். மலைப்பக்கம் தமக்கையோடு வசித்தார். பரமட்டாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மேய்ஸ் ஹில் அருகே இருந்த சின்னப் பலகை வீடு அவருடையது. முன்னால் பெரிய முற்றம்.

இன்றைக்கு மேய்ஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. வார இறுதியில் கார் நிறுத்த இடமில்லாமல் சனம் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த நாளில் எங்கள் முருகன், துவாய் அடுக்கும் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தார்.

கதவுத் திறப்பைத் தரும்போது மிஸ்டர் டன் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"கீப் த யார்ட் டைடி. அவ்வளவுதான் கேட்கிறேன். முன்பு இருந்தவன் காடாக்கிவிட்டுப் போனான்."

நான் தலையை ஆட்டினேன். யார்டைத் துப்புரவாக வைத்திருக்கச் சொல்லி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கேட்கவும் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று அடி

இங்கே ஒரு சின்ன விலகல். பழைய ஆசிரியை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பித்த காலத்தில் யார்ட் என்றால் முதலில் அளவுதான். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்று அடி ஒரு யார்ட் என்று பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள். அவுஸ்திரேலியாவுக்கு வந்து பரமட்டாவில் சட்டைத்துணி வாங்கப் போனபோது, "இரண்டு யார்ட்" என்று கம்பீரமாகக் கேட்டேன். கடைப்பெண் சிரித்துக்கொண்டு, இப்போது எல்லாம் மீட்டர் என்றாள். நாடே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. என் முதலாவது யார்ட் அந்தக் கடையோடு போயிற்று.

மிஞ்சியது இரண்டாவது பொருள். வீட்டை ஒட்டிய நிலம். "எங்கட முற்றம்தான், பிள்ளையள்" என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். அந்தப் படத்தில் வீடு இருந்தது, வேலி இருந்தது, ஒரு மாமரமும் இருந்தது. புல் இருக்கவில்லை. முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது இருக்கிறவர்களுக்கு வெட்கம் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் பொருள். விடிய எழுந்து முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவோம். கூட்டிய மண்ணில் பாம்பு ஊர்ந்தால் தடம் தெரியும். அதனால்தான் அந்தச் சுத்தம்.

இப்போது மிஸ்டர் டன்னின் யார்டைப் பாருங்கள். கணுக்கால் வரை புல். அதற்குள் பிண்டி என்ற முள். வெறுங்காலோடு துணி காயப் போடப் போய், நொண்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீதியில் உள்ள ஆண்கள் எல்லோரும் ஞாயிறு காலையில் இயந்திரம் தள்ளுவதைக் கண்டிருந்தேன். வேரோடு பிடுங்க நேரமில்லாத சனம், பாவம், மேலால் சிரைத்துவிட்டுப் போகிறார்கள் என்று இரக்கப்பட்டேன்.

பொங்கலுக்கு முன்

தைப்பொங்கல் வந்தது. சொந்த வாசலில் வைக்கப்போகும் முதல் பொங்கல். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ, முற்றம் செதுக்கவேணும்."

"முழுக்கவோ?"

"பாதி முற்றத்தில ஆர் பொங்கிறது?"

இவர் ரயில்வே தொழிற்சாலையில் வரைபடம் கீறுகிறவர். பென்சிலைவிடப் பாரமான எதையும் அதுவரை தூக்கியதில்லை. ஆனாலும் மண்வெட்டி வாங்கி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். புல் தோலுரிந்து வருவதுபோல வந்தது. கீழே செம்மண். அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எதிர்வீட்டு டொரீன் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.

கூட்டுவதற்கு ஈர்க்கு விளக்குமாறு வேண்டுமே. ஊரிலிருந்து கொண்டுவந்ததை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள். அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இதற்குள் பூச்சி இருக்கும் என்றார். இருக்கட்டுமே, கூட்டினால் போய்விடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் பூங்காவில் விழுந்து கிடந்த ஒரு பனைச்சாதி மட்டையை இழுத்து வந்தோம். அதில் ஈர்க்கு வார்ந்து நானே கட்டினேன்.

சாணித் தண்ணீருக்கும் வழி கிடைத்தது. இந்த நாட்டில் மாட்டுச் சாணத்தைப் பையில் அடைத்துச் செடிக்கடையில் விற்கிறார்கள். ஒரு பை வாங்கி வாளியில் கரைத்துத் தெளித்தேன். அன்று வீதி முழுக்க மணந்திருக்கவேண்டும். டொரீன் வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

பொங்கலன்று வெளியே நெருப்பு மூட்டத் தடை ஏதும் இல்லை என்று வானொலியில் கேட்டு நிச்சயம் செய்துகொண்டு, விடியற்காலையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினோம். மண்பானை இல்லை, அலுமினியச் சட்டிதான். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நான் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். இவர் "புகை" என்று சொல்லிக்கொண்டு தன் கண்களைத் துடைத்தார்.

டொரீன் பார்த்தது

அடுத்த கிழமை இவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மிஸ்டர் டன் வேலை இடத்துக்குப் போன் எடுத்தவர்."

"என்னவாம்?"

"நாங்கள் யார்டைக் கொன்றுபோட்டமாம். முன்னாலை நெருப்பும் வைக்கிறமாம். டொரீன் சொன்னவவாம். ஞாயிறு வந்து பாக்கிறாராம்."

"கொன்றதோ? ஊத்தையாய்க் கிடந்ததைத் துப்புரவாக்கினதுக்குப் பேர் கொலையோ?"

"என்னோடை ஏன் கத்துறீர்? மனுசன் வேறை ஒண்டும் கதைக்கேல்லை. குரல் சரியில்லை."

அன்று மாலை ரகுராமன் வந்தான். திருச்சிக்காரன், இவரோடு வேலை செய்கிறவன், கலியாணம் ஆகாதவன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, முந்தின வெள்ளி மட்டும் வரவில்லை. படலையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னக்கா இது? லான் எங்க?"

"செதுக்கிப்போட்டம். வடிவாய் இருக்கல்லோ?"

"செதுக்கிட்டீங்களா? ஐயோ அக்கா, இங்க புல்லை வெட்டலாம், புடுங்கக் கூடாது."

"பிறகேன் இந்தச் சனங்கள் கிழமைக்குக் கிழமை வெட்டினம்?"

"வளக்கத்தான் வெட்டறாங்க. அதுதான் இந்த ஊர்ல கௌரவம். யார்டை டைடியா வைங்கன்னா, புல்லை ஒரே மட்டமா வெட்டி, ஓரத்தைக் கத்தரிச்சு, தண்ணி ஊத்தி வைங்கன்னு அர்த்தம். நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகும் நான் அவனுக்கு அன்று இரவுச் சாப்பாடு போட்டதே பெரிய காரியம்.

ஆனால் சரியாகச் சொன்னான். சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். அந்தச் சொல் இந்த வீதியில் எப்படிப் புழங்குகிறது என்பது தெரியாது. தன் நண்பர் ஒருவருக்குப் புல் விற்கும் பண்ணை ஆளைத் தெரியும் என்றான் ரகுராமன். நான் முதலில் மாட்டேன் என்றேன். என் கையால் கூட்டிய முற்றத்தை மூடுவதா? பிறகு வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. எத்தனை வாசலில் "இப்போதுதான்" கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. சரி, கொண்டுவரச் சொல் என்றேன்.

பாதிப் பச்சை

இனி லொறிக்குத் திரும்புவோம்.

பின்னேரம் ஆவதற்குள் லொறி வெறுமையாகிவிட்டது. முற்றத்தில் பாதிதான் மூடியிருந்தது.

"மிச்சம் எங்கை?" என்று இவர் கேட்டார்.

சாரதி தோளைக் குலுக்கினான். பண்ணையில் இருந்ததே அவ்வளவுதான், இனித் திங்கட்கிழமை என்றான்.

இடது பக்கம் ஒட்டுப்போட்ட பாய் மாதிரிப் பச்சை. வலது பக்கம் செம்மண். ரகுராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பேசாம வீட்டுக்காரரை இருட்டின பிறகு வரச் சொல்லுங்களேன்."

"வாயை மூடிக்கொண்டு தண்ணி ஊத்து."

ஊற்றினான். ஊற்ற ஊற்ற வெயில் உறிஞ்சியது. ஞாயிறு காலையில் பார்த்தால் புல்லின் ஓரங்கள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. நான் என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தேன். மிஞ்சிய பாதி முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றின் கோடுகள் வரிவரியாகத் தெரியக் கூட்டினேன். போகிற வீடு என்றாலும் கூட்டாமல் விடக்கூடாது.

மிஸ்டர் டன்னின் பழைய கார் வந்து நின்றது. டொரீன் தன் வாசலுக்கே வந்துவிட்டாள். கிழவர் தொப்பியோடு இறங்கிப் படலையைத் திறந்தார். திறந்தவர் உள்ளே வரவில்லை. படலையைப் பிடித்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் இரவு முழுக்கத் தயார் செய்திருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். "மிஸ்டர் டன், எங்கள் ஊர் வழக்கம் வேறு. துப்புரவு என்று நீங்கள் சொன்னதை எங்கள் முறையில் செய்துவிட்டோம். மீதிப் புல்லும் திங்கட்கிழமை வந்துவிடும். தயவுசெய்து எங்களை..." இலக்கணம் எல்லாம் அதோடு முடிந்துவிட்டது.

அவர் புல்லைப் பார்க்கவில்லை. வலது பக்கத்தைப் பார்த்தார்.

"இதை யார் கூட்டியது?"

"நான்தான்."

"எதனால்?"

விளக்குமாற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு தரம் தட்டி ஈர்க்குகளை ஒரே மட்டமாக்கினார். அதைச் செய்து பழகிய கை அது என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய சொல்

"என் அம்மாவும் ஒன்று வைத்திருந்தாள்" என்றார். "புதர்க்குச்சியில் கட்டியது."

மேற்கே வெகுதூரத்தில், மழையே காணாத ஆட்டுப் பண்ணையில் பிறந்தவராம். கண்ணுக்கு எட்டிய வரை புல் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தாயார் வாசல் மண்ணில் தெளித்துத் தெளித்து இறுக்கிவைப்பாராம். சனிக்கிழமை கூட்டி முடித்தால் பிள்ளைகள் யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் அடி.

"பாம்பு வந்தால் தடம் தெரியும்" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னது எனக்கே பிறகுதான் உறைத்தது. இவர் திரும்பிப் பார்த்தார். மிஸ்டர் டன்னுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது.

பிறகு அவர் இடது பக்கம் பார்த்தார். சப்பாத்து நுனியால் ஒரு புல் சுருளைத் தூக்கினார்.

"இது என்ன குப்பை?"

ரகுராமன் இடுப்பைத் தடவினான்.

"லான், சார்" என்றான் மெதுவாக.

"லான்தான். பட்டினத்து ஆட்கள் வைத்திருப்பது. எடுத்து டொரீனுக்குக் கொடுங்கள், அவளுக்குப் பிடிக்கும்." பிறகு செம்மண்ணைக் காட்டி என்னிடம் சொன்னார். "இதுதான் யார்ட்."

கரும்பலகையில் கீறிய என் படம் கண்முன்னால் வந்தது. ஒரு சொல்லுக்காக நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"உங்களைப் போகச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். அதையும் மறைக்காமல் சொன்னார். "டொரீன் சொன்னதைக் கேட்டு, வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இனி அது வேண்டாம். பிள்ளை பிறக்கட்டும். இருங்கள்."

இவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவில்லை. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தேத்தண்ணி குடிக்க உள்ளே வரும்படி கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. கூட்டி முடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிதிக்கலாமா?" என்று கேட்டார்.

எழுபது வயது மனிதர், தன்னுடைய சொந்த நிலத்தில். மிதியுங்கள் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து விறாந்தைக்கு வந்தார். குசினிக் கதிரையை வெளியே கொண்டுவந்து போட்டேன். தேத்தண்ணியும் தட்டைவடையும் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கினாலும் இன்னொன்று எடுத்தார். பார்வை மட்டும் முற்றத்திலேயே இருந்தது.

புறப்படும்போது படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"கீப் த யார்ட் டைடி" என்றார், திறப்புத் தந்த அன்று சொன்ன அதே குரலில். கார் போய்விட்டது.

ரகுராமன் புல்லை மறுபடி சுருட்டத் தொடங்கினான். நேற்று விரித்ததை இன்றைக்குச் சுருட்டுகிறவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று முணுமுணுத்தான். டொரீன் வீதியைக் கடந்து வந்து, உண்மையாகவே எனக்கா என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

இவருக்கு ஒரே உற்சாகம். சப்பாத்துத் தடங்கள் படலையிலிருந்து விறாந்தை வரையும், விறாந்தையிலிருந்து படலை வரையும் கிடந்தன. இவர் விளக்குமாற்றைத் தூக்கினார்.

"நான் கூட்டிறன், நீர் இரும். மனுசன் முழுக்க உழக்கிப்போட்டுப் போட்டார்."

"வையுங்கோ அதை."

"ஏனப்பா? துப்புரவாய் வைக்கச் சொல்லிப்போட்டெல்லே போறார்?"

"ஆக்கள் வெளிக்கிட்ட கையோடை முற்றம் கூட்டக்கூடாது. பிறகு அவை திரும்பி வராயினம்."

இவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். மிஸ்டர் டன் வந்துவிடப் போகிறாரே என்று இரண்டு நாளாக நடுங்கிக்கொண்டிருந்தவள் நான். அன்று பொழுதுபடும்வரை அந்த முற்றத்தை நான் கூட்டவில்லை, ஒருவரையும் கூட்ட விடவும் இல்லை.